மறுபடியும் முதலாம் நாள்

நான் தையற்காரி. சட்டை வெட்டத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் சயரோகம் வந்தவர்கள் யாரும் அதைப்பற்றி வாய் திறந்ததாக நான் அறியவில்லை. எல்லாரும் என்னைப்போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருப்பார்கள். எனக்கு இன்னும் நாலு மாத மருந்து இருக்கிறது. காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும் மிஞ்சிப்போய்விட்டது, மற்றப்படி சுகம். பேனை பிடிக்கக் கை நடுங்காமல் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதைச் சுற்றி வளைத்து நியாயம் தேடுவேன், என் குணம் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். இருமல் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து இருமியபோது வாயைப் பொத்திய லேஞ்சியில் இரத்தம் பட்டது. என் தங்கச்சி வதனி அதைக் கண்டுவிட்டாள். தன் மூன்று மாதக் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சளியை மூன்று தரம் வாங்கினார்கள்: வந்த உடனே ஒன்று, அடுத்த நாள் விடிய எழும்பி வாய் கொப்பளிக்க முதல் ஒன்று, அன்றே கிளினிக்கில் வைத்து இன்னொன்று. அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தால் கிருமி சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியுமாம். என்னுடைய மூன்றிலும் தெரிந்தது.

டொக்டர் சின்ன வயசுக்காரர். அட்டையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுக்கு முதல் எப்பவாவது சயரோகத்துக்குக் குளிசை குடிச்சனீங்களோ அம்மா?"

பக்கத்துக் கதிரையில் வதனி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லை டொக்டர்," என்றேன்.

அவர் அதை எழுதினார். அவ்வளவுதான். ஒரு சொல். தைத்த சட்டை பிழைத்தால் தையலைப் பிரிக்கலாம். அன்று அந்த அட்டையில் விழுந்ததைப் பிரிக்க எனக்கு இரண்டு மாதமும் ஒரு குழந்தையின் உடம்பும் செலவானது.

உண்மை என்னவென்றால், எனக்கு அது இரண்டாம் தரம்.

சண்டை நின்று பாதை திறந்த இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஆவணியில் முதல் தரம் வந்தது. அப்போது அம்மாவும் அப்பாவும் இல்லை, வீட்டில் நானும் வதனியும்தான். அவள் காலையில் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். எனக்கு ஆறு மாத மருந்து என்றார்கள். இந்த வருத்தத்துக்கு, இந்த நோய்க்கு, மருந்தை வீட்டுக்குத் தந்து அனுப்பிவிட்டு நம்பி இருக்க மாட்டார்கள். ஒருவர் கண்முன்னால் நின்று விழுங்க வேண்டும். அதற்காகப் பவளம் என்று ஒரு தொண்டர் நாள்தோறும் சைக்கிளில் வந்து, குளிசைகளைக் கையில் தந்து, நான் விழுங்குவதைப் பார்த்து, அட்டையில் ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போவாள். நல்ல பிள்ளை. நான் அவளை எட்டு மணிக்குப் பிறகு வரச்சொன்னேன். வதனி போய்விட்டிருப்பாள். அயலட்டை கேட்டால் சட்டை தைக்க வருகிறவள். தையற்காரி வீட்டுக்குப் பெண்பிள்ளைகள் வந்துபோவதில் என்ன அதிசயம்? சாட்டுக்காக அவளுக்கு நாலு சட்டை தைத்துக் கொடுத்தேன். பாவம், அவளிடம் அத்தனை சேலை இருந்திருக்காது.

வதனிக்கு அதை வெறும் மூச்சு இழுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன்.

நாலாம் மாதம் முடிய முதலே உடம்பு தேறிவிட்டது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கழுத்தெலும்பு மூடிச் சதை பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து வதனிக்கு முரசுமோட்டையில் இருந்து சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை யோகன், வயல்காரக் குடும்பம், சொந்தமாக உழவு மெசின். சாதகமும் பொருந்திற்று. தையில் கலியாணம், அதற்கு முன்னால் பொன்னுருக்கு.

தாலிக்குப் பொன் உருக்கினால் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பொம்பிளை மாப்பிள்ளை வீட்டுக்காரர் செத்தவீட்டுக்குப் போகமாட்டார்கள், தீட்டுத் துடக்கு உள்ள வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், ஒரு தும்மலைக்கூட யோசித்துத்தான் தும்முவார்கள். வீடு நிறையச் சனம். மாப்பிள்ளையின் தாயும் பெரியம்மாவும் நினைத்த நேரம் வந்து போகிறார்கள். இதற்குள் பவளத்தின் சைக்கிள் வாசல் படலையில் வந்து நின்றால் என்ன ஆகும்? பொம்பிளையின் தமக்கைக்குச் சயரோகம் என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

பவளத்திடம், கலியாணத் தையல் வேலைக்குப் புளியங்குளத்தில் மாமி வீட்டில் போய் நிற்கப்போகிறேன், மிச்ச மருந்தை அந்தப் பக்கக் கிளினிக்கில் எடுக்கிறேன் என்றேன். அவள் நம்பினாள். கிளினிக்கில் போய் எனக்கு ஒரு கடிதமும் வாங்கித் தந்தாள், அங்கே கொடுக்கச் சொல்லி.

பொன்னுருக்கு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு தாலிகட்டு முடியட்டும். பிறகு நாலாம் சடங்கு முடியட்டும். எல்லாம் முடிந்தபோது என் உடம்பில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. கடிதத்தை ஒருநாள் குசினி அடுப்பில் வைத்தேன். நல்லாய் எரிந்தது.

இதைத்தான் அந்த "இல்லை"க்குள் சுருட்டி வைத்தேன்.

சயரோக வார்ட் மற்ற வார்ட்டுகளில் இருந்து தள்ளி, பின்பக்கம். அரைச்சுவரும் கம்பி வலையும்; காற்று வந்து போகவேண்டும் என்று அப்படிக் கட்டியது. பகலில் வெக்கை, விடியப்புறத்தில் குளிர். பொம்பிளைகள் பக்கத்தில் ஆறு கட்டில். என் கட்டிலில் இருந்து பார்த்தால் முற்றத்துக்கு அப்பால் பிள்ளைகள் வார்ட்டின் விறாந்தை தெரியும். அப்போது அதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

முதல் நாள் காலையில் நேர்ஸ் குளிசைகளைக் கையில் தந்துவிட்டு விளக்கம் சொன்னாள். வெறுவயிற்றில் விழுங்க வேணும். சத்தி வந்தால் சொல்ல வேணும். கண்ணில் பச்சை சிவப்பு பேதம் தெரியாமல் போனால் சொல்ல வேணும். "சலம் சிவப்பாப் போகும் அம்மா, பயந்திடாதேங்கோ, அது மருந்தின்ர நிறம்," என்றாள். நான் தலையாட்டினேன். முதல் தரம் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை; கக்கூசில் கண்டு இரத்தம் என்று நினைத்து நிலத்தில் இருந்துவிட்டேன். இந்த முறை நன்கு தெரிந்த சங்கதி.

பக்கத்துக் கட்டிலில் கமலம். மலைநாட்டில் இருந்து கலவரத்தோடு வன்னிக்கு வந்த குடும்பம். வயல் வேலை, தோட்ட வேலை என்று எங்கே கூலி கிடைக்கிறதோ அங்கே போகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும், பார்க்க அறுபது. நேர்ஸ் அப்பால் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க இந்த மருந்து முன்னமே சாப்புட்டிருக்கீங்கதானே அக்கா."

"ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. சிவப்பாப் போகும்னு சொன்னா புதுசா வர்றவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். உங்களுக்கு ஆகல."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உன்ர வேலையைப் பார்," என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. அவளுக்கு அது மூன்றாம் தரம். நெல் அரிவு வெட்டுக் காலத்தில் வேலை தேடி இடம் மாறிப் போவாளாம், மருந்து அறுந்துபோகும். பிறகு இருமல், பிறகு ஆஸ்பத்திரி. நாள் முழுவதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். மூச்சு எடுக்க அவளுக்கு அப்படித்தான் வசதி.

யோகன் ஒன்றைவிட்ட ஒருநாள் முரசுமோட்டையில் வேலை முடித்துச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவருவான். கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடுதான் அவன் இருந்தான். எங்கள் பக்க வழக்கம் அது. இடியப்பம், முட்டைப் பொரியல், சில நாள் நண்டுக் குழம்பு. நெஞ்சு வருத்தத்துக்கு நண்டு நல்லதாம், யார் சொன்னதோ. அதிகம் கதைக்கமாட்டான். "மச்சாள், சாப்பிடுங்கோ" என்பான். நான் சாப்பிட்டு முடியும்வரை அரைச்சுவருக்கு வெளியே நின்று, பாத்திரத்தைத் தானே கழுவிக்கொண்டு போவான். இரண்டு வருடம் என்னிடம் சட்டை தைத்த சனத்தில் ஒன்றுகூட அந்த வார்ட் பக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

சித்திரை பிறந்தது. இரண்டு மாத மருந்து முடிய மறுபடி சளி எடுத்தார்கள். இந்த நேரத்துக்குக் கிருமி இல்லாமல் போயிருக்க வேண்டும். எனக்கு இருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "ஒழுங்காய்த்தானே குடிக்கிறா?" என்று நேர்ஸைக் கேட்டார். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "எனக்கு முன்னாலைதான் சேர், ஒவ்வொரு நாளும்," என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வரட்டும், நான் வாய் திறக்கமாட்டேன் என்று இருந்தேன். அப்படி ஒரு மனுசி நான்.

அந்தக் கிழமை யோகன் வந்தபோது கையில் சாப்பாடு இல்லை.

"பிள்ளைக்கு ரெண்டு கிழமையாக் காய்ச்சல், மச்சாள். விட்டு விட்டு வருது. கிளினிக்கிலை நிறை பாத்தவை. போன மாதம் இருந்த நிறைதான். கழுத்திலை ஒரு கட்டி மாதிரி. இஞ்சை கொண்டுவந்து விட்டிருக்கிறம்."

முற்றத்துக்கு அப்பால் இருந்த விறாந்தையைக் கையால் காட்டினான்.

பிள்ளையின் பெயர் ஆரணி. அம்மா இல்லாத வீட்டில் வதனியின் பிள்ளைப்பேறு முழுவதும் நான்தான் பார்த்தேன். முதல் நாளில் இருந்து ஆரணியைக் குளிப்பாட்டினது நான். காலை நீட்டிக் கிடத்தி, எண்ணெய் தடவி, சாம்பிராணிப் புகை பிடித்து, முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியும்வரை வதனியைக் குனிய விடவில்லை. அந்த மூன்று மாதமும் பிள்ளை படுத்தது என் நெஞ்சில். இருமல் வந்தால் முகத்தை மற்றப்பக்கம் திருப்புவேன். திருப்பினால் போதும் என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்தால்கூட வதனி என்னிடம்தான் கொண்டுவந்து தருவாள், "அக்கா வைச்சிருங்கோ, உங்கட கை பட்டால் நித்திரையாப் போயிடுவாள்" என்று.

பிள்ளையின் கையில் ஒரு ஊசி போட்டார்களாம். தோலுக்குள் துளி மருந்து. மூன்று நாள் கழித்து அந்த இடம் வீங்கி இருந்தால் சயரோகக் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு. அந்த மூன்று நாளும் நான் அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வதனி விறாந்தையில் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பது தெரியும். இந்தப் பக்கம் ஒருதரமும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பிள்ளையின் நினைவில் பாராமல் இருந்திருக்கிறாள். எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்துதான் பாராமல் இருக்கிறாள் என்று பட்டது.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணி, பார்வையாளர் வரும் நேரம், கமலம் செத்துப்போனாள். திடீரென்று இருமினாள், வாயால் இரத்தம் வந்தது, பேசின் கொண்டுவர ஓடின அற்றெண்டன் திரும்பி வர முதல் முடிந்துவிட்டது. நான் அவளின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. அவளைப் பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. புருசன் அரிவு வெட்டுக்குப் போயிருந்தான். காலையில்தான் அவள் என்னோடு எரிந்து விழுந்தாள். "பச்சப்புள்ள அங்க கெடக்குது, நீங்க இங்க வாய மூடிக்கிட்டு நிக்கிறீங்க. என்னா மனுசியக்கா நீங்க," என்றாள். அவளைத் துணியால் மூடினார்கள். கட்டிலைக் கழுவினார்கள்.

பின்னேரம் டொக்டர் என்னைப் பிள்ளைகள் வார்ட் விறாந்தைக்குக் கூப்பிட்டார். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு போனேன். வதனியும் யோகனும் நின்றார்கள். பிள்ளை வதனியின் தோளில். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்து, ஒரு புளியங்கொட்டையைவிடப் பெரிதாக இருந்தது.

டொக்டர் சத்தம் போடவில்லை. ஆறுதலாக, படிப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

"பிள்ளைக்கு வந்தது உங்கட கிருமிதான் அம்மா. அதிலை உங்களைக் குறை சொல்ல ஒண்டும் இல்லை, அது காத்திலை போறது. ஆனா இப்ப நான் பிள்ளைக்கு என்ன மருந்து குடுக்கிறது எண்டு முடிவெடுக்க வேணும். புதுக் கிருமி எண்டால் மூண்டு மருந்து போதும். ஆரும் முந்தி மருந்து குடிச்சு இடையிலை விட்டிருந்தால், மெலிஞ்ச கிருமி செத்து, மருந்துக்குப் பழகின கிருமி மிஞ்சியிருக்கும். அப்பிடி எண்டால் மூண்டு காணாது. அஞ்சு மாதப் பிள்ளை. பிழையா மருந்து குடுத்து மூளைக்குப் போச்செண்டால் பிறகு நான் ஒண்டும் செய்யேலாது. அதுதான் இன்னொருக்காக் கேக்கிறன். இதுக்கு முதல் குளிசை குடிச்சனீங்களோ?"

பிள்ளை சிணுங்கிற்று. அழக்கூடச் சத்து இல்லாத ஒரு சிணுங்கல்.

"ஓம்," என்றேன். "நாலு மாதம் குடிச்சனான். பிறகு விட்டிட்டன்."

சொன்னவுடன் மனப்பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் எப்போது, எந்தெந்தக் குளிசை, ஏன் விட்டது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பவளம், சட்டை, புளியங்குளம், கடிதம் எல்லாம். அவர் எழுந்து நேர்ஸிடம் போனார். வதனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இழுப்பு எண்டு சொன்னனீங்கள்."

"உன்ர கலியாணம் குழம்பிப்போகும் எண்டு பயந்திட்டன், வதனி. உனக்காகத்தான்..."

"எனக்காக எண்டு சொல்லாதேங்கோ." அவளின் குரல் உயரவில்லை. "என்னைக் கேட்டனீங்களோ? என்ர தலையிலை கட்டாதேங்கோ இதை. கலியாணம் நிண்டிருந்தால் நிண்டிருக்கட்டும். எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."

நான் பிள்ளையின் கையில் தடித்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யோகன்தான் கதைத்தான். அவன் பிள்ளையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சாள், என்ர அப்பாவுக்கும் இருந்தது. இடம்பெயர்ந்து இருக்கேக்கை வந்தது. ஆறு மாதம் குடிச்சு மாறினவர். சம்பந்தம் பேசேக்கை உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு பெரியம்மா எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவா. பொன்னுருக்கு அண்டு அப்பா இருமினால் நாங்கள் எல்லாரும் பலத்துக் கதைப்பம், உங்களுக்குக் கேக்கக் கூடாது எண்டு."

நான் அந்தப் பொன்னுருக்கு நாளை நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஏன் இப்படிச் சத்தமாகக் கதைக்கிறார்கள், வயல்காரரின் குணமாக்கும் என்று நான் மனதுக்குள் நக்கலடித்தது நினைவு வந்தது. அந்த நேரம் நான் குசினிக்குள் நின்று, பவளம் அந்தப் பக்கம் வந்துவிடக்கூடாது என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் மறைத்து மறைத்து ஒரு தாலியைச் செய்து முடித்திருக்கிறோம். ஒரு வார்த்தை, யாராவது ஒருவர், சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த நாள் நேர்ஸ் என் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு புதிது ஒன்று தந்தாள். அறுபது நாள் குடித்தது கணக்கில் இல்லை. மறுபடியும் முதலாம் நாள். இந்த முறை எட்டு மாதம். முதல் இரண்டு மாதமும் நாள்தோறும் இடுப்பில் ஊசி. என் சளியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். அது வளர இரண்டு மாதம் செல்லுமாம். அதுவரை பிள்ளைக்கு நாலு மருந்தாகக் கொடுப்பது என்று டொக்டர் முடிவெடுத்தார். குளிசையைக் கல்லில் அரைத்து, தாய்ப்பாலில் குழைத்து, கரண்டியால் ஊட்ட வேண்டும்.

ஊசி பொல்லாதது. இருபதாவது ஊசியோடு காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல். நடந்தால் தலை சுற்றியது. இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டி. படுக்கிறதென்றால் குப்புறத்தான். ஆனால் நான் முறையிடவில்லை. முற்றத்துக்கு அப்பால் இருந்து காலை ஏழரைக்குப் பிள்ளை வீரிடும் சத்தம் கேட்கும். அதுதான் அவளுக்கு மருந்து ஊட்டும் நேரம். கசப்பு. அந்த வாய்க்கு என்ன தெரியும்? அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஒருவகையில் நிம்மதி, விழுங்குகிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று. ஒருநாள் சத்தம் கேட்கவில்லை. அரைச்சுவரில் ஏறி எட்டிப் பார்த்து நேர்ஸிடம் ஏச்சு வாங்கினேன். பிள்ளையை வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம்.

வதனி என்னை வந்து பார்க்கவே இல்லை. யோகன் வந்தான், முன்னைப்போலவே. அவளைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிள்ளையைப்பற்றி மட்டும் சொல்வான். "காய்ச்சல் விட்டிட்டுது." "இருநூறு கிராம் ஏறியிருக்கு." "குப்புறப் பிரண்டிட்டாள்." நான் அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுவேன்.

கமலத்தின் கட்டிலுக்கு வேறு ஒருத்தி வந்தாள். நான் அவளோடு கதைக்கவில்லை. கமலம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, அதற்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனி நடுவில் கொழும்பில் இருந்து பதில் வந்தது. என் கிருமி ஒரு மருந்துக்குப் பழகிவிட்டதாம். மற்றவற்றுக்குச் சாகிறதாம். டொக்டர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "மூண்டு மருந்து குடுத்திருந்தால் பிள்ளைக்குப் போதாமல் போயிருக்கும்," என்றார். அன்று நான் பகல் முழுவதும் அழுதேன். நிம்மதியா, பயமா என்று எனக்கே தெரியாது. அந்தப் பின்னேரம் நான் இன்னொருதரம் "இல்லை" என்று சொல்லியிருந்தால்? சொல்லியிருக்கக்கூடிய ஆள்தானே நான்.

ஊசி முடிந்தது, சளியிலும் கிருமி இல்லை. இனி யாருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு எந்த வீடு? புளியங்குளத்து மாமிக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குப் பொய்க்குச் சொன்ன இடத்துக்கு இன்றைக்கு மெய்யாகவே போகவேண்டி வந்ததே என்று சிரிப்பும் வந்தது. இரண்டு சட்டையையும் கோப்பையையும் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்தபோது வார்ட் வாசலில் வதனி. மெலிந்து கறுத்திருந்தாள்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"மாமி வீட்டை."

"அங்கை ஆர் குளிசை குடிக்கிறதைப் பாக்கிறது? மாமியைப் பேய்க்காட்டி ஏமாத்தப் பெரிய வித்தை தேவையில்லை." பையைத் தூக்கினாள். "உங்கட அட்டை என்னட்டை. நேர்ஸிட்டைக் கையெழுத்து வைச்சு வாங்கியிட்டன். வீட்டை வாங்கோ."

"வதனி..."

"மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ அக்கா. எனக்கு அது வரேல்லை. வந்தால் சொல்லுறன்."

பஸ்ஸில் ஒரே சீட்டில் இருந்தோம். வழி முழுக்க அவள் என் பையை மடியில் வைத்திருந்தாள். வீட்டில் பிள்ளை என்னை மறந்துபோய் இருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு யோகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கை நீட்டவில்லை. எனக்கு அறைக்குள் பாய் விரித்திருந்தது.

மறுநாள் காலை வெறுவயிற்றோடு குசினி வாசலில் போய் நின்றேன். வதனி அங்கே இல்லை. முற்றத்தில், படலையோடு ஒட்டி, றோட்டால் போகிற எல்லாரும் காணக்கூடிய இடத்தில் ஒரு கதிரையைப் போட்டுவிட்டு நின்றாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் அட்டையும். இடுப்பில் பிள்ளை.

"இஞ்சை வந்து இருங்கோ."

"உள்ளுக்கை குடிக்கலாமே," என்றேன் மெதுவாக.

"உள்ளுக்கை குடிச்சுத்தானே இந்தக் கோலம்."

போய் இருந்தேன். குளிசைகளைக் கையில் எண்ணித் தந்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மனுசி பாண் வாங்கிக்கொண்டு வந்தவள், படலையில் நின்று எட்டிப் பார்த்தாள். முந்தி என்னிடம் தைத்தவள்தான்.

"என்ன வதனி, விடிய வெள்ளன?"

"அக்காவுக்குச் சயரோகம். குளிசை குடுக்கிறன்," என்றாள் வதனி, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற குரலில். "பிள்ளைக்கும் அதுதான். இப்ப குடுத்து முடிச்சனான்."

எனக்கு உச்சியில் இருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. எழும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. அந்த மனுசி பாணை மற்றக் கைக்கு மாற்றினாள். எங்கள் மூன்றுபேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தினை மாதம் குடிக்க வேணும்?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் ஆறு மாதம்," என்றேன். என் குரல்தான் அது.

ஒவ்வொன்றாக விழுங்கினேன். கடைசிக் குளிசை தொண்டையில் நின்று, இன்னொரு மிடறு தண்ணீரோடு இறங்கிற்று. போதும் என்று எழும்பப் போனேன். வதனி தோளில் கை வைத்து இருத்தினாள்.

"வாயைத் திறவுங்கோ."

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்கோ."

தூக்கினேன். அவள் குனிந்து, இடப்பக்கம், வலப்பக்கம், நாக்குக்கு அடியில் என்று ஆறுதலாகப் பார்த்தாள். அட்டையில் புள்ளடி போட்டாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை இடுப்பில் இருந்து இறக்கி என் மடியில் வைத்தாள்.